உறைந்த பழத்தில் இனிப்பு செய்யும்போது தண்ணீரை எங்கே விடுவது?

ஆகஸ்ட் 2, மாலை – கேள்வி

"உறைந்த பழம் ஜூஸ் அடிக்கத்தான் லாயக்கு என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். வெளியே எடுத்து இளகவைத்துப் போட்டாலும் சரி, கல்லாக இருக்கும்போதே போட்டாலும் சரி, டார்ட்டில் பழத்தைத் தாங்கும் மாவு ஓட்டின் அடி ஊறிப்போகிறது. கேக்கில் பழத்தைச் சுற்றி மாவு வேகாமல் நிற்கிறது. இளகவைத்துப் போட வேண்டும் என்று பாதிப் பேர், கூடவே கூடாது என்று மீதிப் பேர். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்."

ஆகஸ்ட் 2, இரவு 9.40

மறுக்கிறேன். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் மட்டும் எல்லாம் உண்மை. அடி ஊறும், மாவு வேகாது, பழம் கூழாகும்.

காரணம் ஒன்றுதான். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். பழத்தின் செல்லெல்லாம் தண்ணீர். பனிப்படிகம் வளர வளர செல்சுவர் கிழிந்துவிடும். உறைந்திருக்கிற வரை வெளியே ஒன்றும் தெரியாது, பழம் முழுசாகத்தான் இருக்கும். இளகியதும் உள்ளே இருந்ததெல்லாம் ஒழுக ஆரம்பிக்கும். புதுப் பழத்துக்கும் ஓவனில் இதேதான் நடக்கிறது. ஆனால் அங்கே சூடேறி, செல் மெல்ல உடைந்து, சாறு வெளியே வருவதற்குள் சுற்றியிருக்கும் மாவு ஓரளவு வெந்து நின்றுவிடும். உறைந்த பழத்தில் அந்த அவகாசம் கிடையாது.

அதனால் இளகவைப்பதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. அந்தத் தண்ணீரை எங்கே விடப்போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. பாத்திரத்தில் வற்றவிடலாம், மாவுச்சத்தைப் போட்டுக் கட்டலாம், பனிக்கட்டியாகவே வைத்துச் சாப்பிடலாம். இதில் ஒன்றை நாம் முடிவு செய்யாவிட்டால் அது தானாக மாவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் டார்ட்டில் நடந்தது அதுதான்.

ஆகஸ்ட் 2, இரவு 10.15

"எதை இளகவைக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள், பாடம் வேண்டாம்" என்கிறார் ஒருவர். சரி. டார்ட்டுக்கும் மூடிய பழப் பணியாரங்களுக்கும் இளகவைத்து வடிகட்டணும். கேக், மஃபின் என்றால் உறைந்தபடியே. மேலே மாவு உதிரி தூவிச் சுடும் க்ரம்பிளுக்கும் உறைந்தபடியே. மூஸ் என்ற நுரைபோன்ற இனிப்புக்கும் கிரீம் வகைக்கும் வேகவைத்து வற்றவைத்த கூழ். பால் சேர்க்காத பழ ஐஸான சோர்பேவுக்கு இளகவே விடக்கூடாது. அவ்வளவுதான்.

பாடம் வேண்டுகிறவர்கள் மட்டும் கீழே படிக்கலாம்.

ஆகஸ்ட் 3

முதலில் டார்ட். என் பழக்கம் இது. 1 கிலோ உறைந்த செர்ரி, அல்லது கலப்புப் பெர்ரி, எதுவானாலும் சரி. பெரிய வடிகட்டியில் கொட்டி 150 கிராம் சர்க்கரையைத் தூவிப் புரட்டிவிட்டு, அடியில் ஒரு பாத்திரம் வைத்து ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் விட்டுவிடுவேன். சர்க்கரை சாற்றை வெளியே இழுக்கும், அது நமக்கு நல்லதுதான். எப்படியும் வெளியே வரப்போகிற சாறு, ஓவனுக்குள் வருவதற்குப் பதில் பாத்திரத்தில் வரட்டும்.

காலையில் பார்த்தால் அடியில் கண்ணாடிபோலத் தெளிந்த கரும்சிவப்புச் சாறு நிற்கும். கொஞ்சம் நக்கிப் பாருங்கள். வடிகட்டியில் மிச்சமிருக்கும் பழத்தைவிடச் சாறு தித்திப்பாக இருக்கும். நாம் போட்ட சர்க்கரை ஒரு காரணம். இன்னொரு காரணம், உறைந்த பழம் இளகும்போது சர்க்கரையும் புளிப்பும் செறிந்த பகுதிதான் முதலில் உருகும், வெறும் தண்ணீர்ப் பனி கடைசி வரை நிற்கும். குச்சி ஐஸை உறிஞ்சினால் நிறமும் இனிப்பும் போய் வெள்ளைப் பனி மட்டும் மிஞ்சுவது இதனால்தான். ஆகவே அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டால் பழத்தின் ருசியில் பாதியைக் கொட்டியதாக ஆகும். "வடித்துச் சாற்றைத் தூக்கிப் போடுங்கள்" என்று எழுதியிருக்கும் செய்முறைகளை நான் நம்புவதில்லை.

சாற்றை அடிகனமான அகலப் பாத்திரத்தில் ஊற்றி மிதமான தீயில் பாதியாக வற்றவையுங்கள். ஆரம்பத்தில் பொடிக் குமிழிகள் மேலெல்லாம் நுரைத்துக்கொண்டு வரும். நுரை அடங்கிப் பெரிய, சோம்பலான குமிழிகள் வர ஆரம்பித்தால் கிட்டத்தட்ட ஆயிற்று. கரண்டியை அடியில் இழுத்தால் தடம் ஒரு நொடி நின்று மூடும். அந்த நேரத்தில் 40 கிராம் கார்ன்ஃப்ளோரை நாலைந்து கரண்டி குளிர்ந்த தண்ணீரிலும் கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றிலும் கரைத்து ஊற்றி, கை விடாமல் கிண்ட வேண்டும். முதலில் பால் கலந்ததுபோல மங்கும். நிறுத்திவிடாதீர்கள். மங்கல் போய் மறுபடி பளபளவென்று தெளியும் வரை கொதிக்க விடணும். மங்கலாக இருக்கும்போதே இறக்கினால் பச்சை மாவு வாடை அடிக்கும், நாளைக்குத் தண்ணீரும் விடும்.

அடுப்பை அணைத்துவிட்டுப் பழத்தைச் சேர்த்து, ஆறவிட்டு, பிறகு ஓட்டில் நிரப்புங்கள். சூடாக நிரப்பினால் ஓட்டிலுள்ள வெண்ணெய் ஓவனுக்குப் போகும் முன்பே உருகிவிடும். இவ்வளவும் செய்தால் அடி மொறுமொறுவென்று நிற்கிறது.

ஆகஸ்ட் 3, சற்று நேரம் கழித்து

"இவ்வளவு வேலையா? பழத்தை அப்படியே போட்டு மாவுச்சத்தைக் கூட்டிவிட்டால் போதாதா?" போதும், ஒருவகையில். ஆனால் கார்ன்ஃப்ளோர் முழுசாகக் கட்டுவதற்குக் கொதிநிலைக்குப் பக்கத்தில், சுமார் 95 டிகிரி வேண்டும். உறைந்த பழம் நிறைந்த டார்ட்டின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டுவதற்குள் ஓரம் கருகிவிடும். நடுவில் குமிழி வெடிக்கிறதா என்று பார்க்காமல் ஓரம் கொதிப்பதை மட்டும் பார்த்து எடுக்கிற டார்ட்டுகள்தான் வெட்டும்போது ஓடுகின்றன.

ஆகஸ்ட் 4

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கார்ன்ஃப்ளோர் என்றேன், அன்றைக்கே சாப்பிடுவதென்றால் அது சரி. செய்து ஃப்ரீசரில் வைக்கப்போகிறீர்கள் என்றால் கார்ன்ஃப்ளோர் வேண்டாம். அது கட்டிய கூழ் உறைந்து இளகினால் பஞ்சுபோல ஆகித் தண்ணீரைக் கக்கிவிடும். மரவள்ளி மாவுச்சத்து அந்த விஷயத்தில் பரவாயில்லை, பளபளப்பும் கூடுதல், பழத்தின் நிறம் மங்காது. ஆனால் கொஞ்சம் இழுவையாக இருக்கும். அளவு கூடினால் கொழகொழ என்று ஆகிவிடும், அது சிலருக்குப் பிடிக்காது. எனக்குச் செர்ரியில் பிடிக்கிறது, புளூபெரியில் பிடிப்பதில்லை. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

இன்னொன்று. அதிகப் புளிப்போடு ரொம்ப நேரம் கொதித்தாலும் கார்ன்ஃப்ளோர் கட்டியது மறுபடி இளகும். தெளிந்ததும் இறக்கிவிடுங்கள், அதன் பிறகு காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 6

கேக்குக்கு வருகிறேன். இங்கே நேர்மாறு, இளகவிடவே கூடாது. இளகிய பெர்ரியை மாவில் போட்டுக் கலந்தால் எல்லாம் ஊதா சேறு.

ஆனால் உறைந்தபடி போடுவதற்கும் ஒரு விலை உண்டு. 1 கிராம் பனிக்கட்டியை வெறுமனே உருக்க ஆகும் வெப்பம், 1 கிராம் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்கு ஏற்ற ஆகும் வெப்பத்துக்குச் சமம். பெர்ரியில் பெரும்பகுதி தண்ணீர். ஆக ஒவ்வொரு பழமும் தன்னைச் சுற்றியிருக்கும் மாவிலிருந்து சூட்டைப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். கேள்வி கேட்டவர் சொன்ன "பழத்தைச் சுற்றி வேகாத மாவு" இதுதான். அதற்கு நான் செய்வது: பழத்தின் எடையைக் குறைப்பேன். மாவுக்கலவையின் எடையில் கால் பங்குக்கு மேல் போடுவதில்லை. 5 முதல் 10 நிமிடம் கூடுதலாகச் சுடுவேன். சூட்டை ஏற்றுவதில்லை, ஏற்றினால் மேல்பக்கம்தான் கருகும். பெரிய ஸ்ட்ராபெரி என்றால் உறைந்திருக்கும்போதே கத்தியால் நாலாக்கிவிட்டு, வெட்டியதை மறுபடி ஃப்ரீசரில் வைத்துவிட்டுத்தான் மாவு கலக்கவே ஆரம்பிப்பேன்.

வெண்ணெயைக் குழைத்துச் செய்யும் மாவாக இருந்தால் இன்னொரு தொல்லை. குளிர்ந்த பழம் பட்டதும் வெண்ணெய் இறுகி, மாவு திடீரென்று கட்டிகட்டியாகிவிடும், கரண்டி சுற்றாது. பயப்பட வேண்டாம், கெட்டுப்போகவில்லை. அதைச் சரிசெய்யப் பால் ஊற்றிவிடாதீர்கள், அதுதான் பலர் செய்வது, தண்ணீர் மேலும் கூடிவிடும். எண்ணெய் ஊற்றிச் செய்யும் மாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. உறைந்த பழக் கேக் என்றால் இப்போதெல்லாம் எனக்கு எண்ணெய் மாவுதான்.

ஆகஸ்ட் 6, இரவு

மைதாவில் பழத்தைப் புரட்டிப் போட்டால் அடியில் இறங்காது என்று ஒருவர். நிறையப் பேர் சொல்வது, செய்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. மாவு கெட்டியாக இருந்தால் இறங்காது, நீர்த்திருந்தால் மைதா பூசினாலும் இறங்கும். பாதி மாவை வெறுமனே ஊற்றிவிட்டு, மீதியில் பழத்தைக் கலந்து மேலே ஊற்றுங்கள். பிரச்சினை தீர்ந்தது. மைதா பூசுவதில் ஒரு நன்மை உண்டு, பழத்தின் மேலிருக்கும் பனித்தூள் உருகி விடும் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும்.

ஆகஸ்ட் 7

பச்சை நிறக் கேக் விவகாரம். புளூபெரி கேக்கில் பச்சை படர்ந்திருக்கிறது, பூஞ்சையா என்று படம் போட்டிருந்தவருக்குப் பதில்: பூஞ்சை இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம்.

புளூபெரியின் தோலில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி, புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் நீலம், பச்சை என்று போகும். உறைந்த பழத்தில் தோல் கிழிந்து நிறமி வெளியே வந்து நிற்கிறது. மாவில் சமையல் சோடா கூடுதலாக இருந்தால் பழத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையம். சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போடுங்கள், அல்லது சோடாவுக்கு ஈடாகத் தயிரோ மோரோ சேருங்கள். இன்னொரு வழி, பழத்தைக் குளிர்ந்த தண்ணீரில் அலசுவது. முதலில் மை கரைந்ததுபோல ஓடும், மூன்று நான்கு தடவை மாற்றினால் வெளிறிவிடும். துணியில் ஒற்றி எடுத்து உடனே கலந்து உடனே ஓவனில் வைக்க வேண்டும். அலசிய பழத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனில் பேசப் போனால் அலசியதே வீண்.

ராஸ்பெரிக்கு இந்த அலசல் வேண்டாம், உதிர்ந்து போகும்.

ஆகஸ்ட் 10

ஜெலட்டின் கேள்வி வரும் என்று தெரியும், வந்துவிட்டது. உறைந்த அன்னாசி போட்ட ஜெல்லி கட்டவே இல்லையாம். அதற்குக் கீழே ஒருவர், "ஃப்ரீசரில் வைத்தால் அந்த நொதி செத்துவிடும், உங்கள் ஜெலட்டின் பழசு" என்று சொல்லியிருக்கிறார். இல்லை. அன்னாசியின் புரோமெலின், பப்பாளியின் பபெயின், கிவியின் ஆக்டினிடின் எல்லாம் புரதத்தைத் துண்டாக்கும் நொதிகள். ஜெலட்டினும் புரதம்தான். குளிரில் நொதி மந்தமாகும், அழியாது. இளகியதும் வேலையைத் தொடங்கிவிடும். செல் உடைந்திருப்பதால் நொதி தாராளமாக வெளியே வேறு வரும். அதை அழிப்பது சூடுதான். பழத்தை நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறியபின் சேர்த்தால் ஜெல்லி கட்டும். டின்னில் அடைத்த அன்னாசியில் சிக்கல் வராததற்குக் காரணமும் அதுவே, டின்னுக்குள் அது ஏற்கெனவே வெந்துவிட்டது.

கொதிக்கவைத்தால் பச்சைப் பழ மணம் போகிறதே என்றால் ஜெலட்டினுக்குப் பதில் கடற்பாசி (அகர் அகர்) போடுங்கள். அகர் அகர் புரதமே இல்லை, நொதி அதைத் தொடாது. ஆனால் இங்கேயும் உறைந்த பழம் ஒரு பொறி வைத்திருக்கிறது. அகர் சுமார் 35 முதல் 40 டிகிரியிலேயே இறுகிவிடும். கொதிக்கக் கரைத்த கடற்பாசியில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கூழைக் கொட்டினால் பட்ட இடத்திலேயே நூல் நூலாக உறைந்து, எவ்வளவு அடித்தாலும் திரிதிரியாகத்தான் இருக்கும். கூழைக் கைபொறுக்கும் சூட்டுக்கு மேல் வெதுவெதுப்பாக்கிக்கொண்டு கலக்கவும். கடற்பாசியைப் புளிப்பான சாற்றிலேயே போட்டுக் கொதிக்கவிடவும் வேண்டாம், புளிப்பில் கொதித்தால் அதன் பிடிமானம் குறையும். முதலில் வெறும் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 10, பின்குறிப்பு

இதே நொதிகள் பால் புரதத்தையும் விடாது. கிவி, அன்னாசி, பப்பாளி போட்ட பால் இனிப்பு ஓரிரு மணி நேரத்தில் கசக்க ஆரம்பித்தால் பாலைக் குறை சொல்லாதீர்கள்.

ஆகஸ்ட் 13

சோர்பே. இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த இடம். மற்ற எல்லா இனிப்பிலும் உறைந்த பழத்தோடு மல்லுக்கட்டுகிறோம், இங்கே அது நம் பக்கம். இயந்திரம் வேண்டாம், ஐஸ்கிரீம் மேக்கர் வேண்டாம், பலமான ஃபுட் பிராசசர் ஒன்று போதும்.

சோர்பே கல்லாக ஆவதும் கூழாக வழிவதும் சர்க்கரையைப் பொறுத்தது. சர்க்கரை தண்ணீரின் உறைநிலையை இறக்கும், எல்லாத் தண்ணீரும் பனியாகாமல் கொஞ்சம் பாகாகவே நிற்கும், அதனால்தான் கரண்டி இறங்குகிறது. மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் சர்க்கரை இருந்தால் பதம் சரியாக வரும். கணக்குப் போடுவது எளிது. மாம்பழத்தில் தானாகவே சுமார் 14 சதவீதம் சர்க்கரை. 500 கிராம் துண்டில் 70 கிராம். 90 கிராம் சேர்த்தால் 590-இல் 160, அதாவது 27 சதவீதம். ஸ்ட்ராபெரி ஏழை, 6 சதவீதம் தேறினால் பெரிது. 500-இல் 30 கிராம்தான். அதே பதத்துக்கு 140 கிராம் போட வேண்டியிருக்கும். மாம்பழ அளவை ஸ்ட்ராபெரிக்குப் போட்டுவிட்டு "பாறையாகிவிட்டது" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

140 கிராமா என்று மிரளாதீர்கள். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். உறையவைக்கும் முன் ருசி பார்த்தால் கொஞ்சம் திகட்டணும், அப்போதுதான் உறைந்தபின் சரியாக இருக்கும். எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் திகட்டலை வாங்கிக்கொள்ளும். சர்க்கரையில் ஒரு பங்கைத் தேனாக மாற்றினால் இன்னும் மிருதுவாக வரும். தேனில் இருப்பது பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். அவை சிறிய மூலக்கூறுகள், அதே எடைக்கு உறைநிலையைக் கூடுதலாக இறக்கும். ஆனால் தேன் வாசனை ராஸ்பெரியோடு ஒத்துப்போகும், மாம்பழத்தை அமுக்கிவிடும்.

அரைப்பது இப்படி. பழத்தை ஃப்ரீசரிலிருந்து எடுத்து 5 நிமிடம் வெளியே வையுங்கள், மைனஸ் 18 டிகிரியிலிருந்து நேரே போட்டால் பிளேடுக்கு ஆகாது. பொடித்த சர்க்கரையோடு போட்டு ஓடவிடுங்கள். முதலில் காதைப் பிளக்கும் கடகட. அப்புறம் ரவை ரவையாகச் சுவரில் அப்பிக்கொண்டு சும்மா சுற்றும், பழம் சரியில்லை என்று தோன்றும். நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு, எலுமிச்சைச் சாற்றை ஊற்றி மறுபடி ஓட்டுங்கள். பொறுமை வேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது. ஒரு கட்டத்தில் சத்தம் சட்டென்று தணியும், உதிரியெல்லாம் ஒன்றுசேர்ந்து பளபளவென்று மடிந்து மடிந்து உருளும். அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் ஓட்டினால் பிளேடின் சூட்டில் உருக ஆரம்பிக்கும். சிறிய மிக்ஸியில் முயற்சி செய்ய வேண்டாம், மோட்டார் புகையும்.

ஆகஸ்ட் 14

"சர்க்கரையே இல்லாமல் வாழைப்பழத்தை மட்டும் அரைத்தால் கிரீம் மாதிரி வருகிறதே, உங்கள் கணக்கு என்ன ஆயிற்று?" நல்ல கேள்வி. கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகப் பழுத்த வாழையில் மாம்பழத்தைப் போலவே தன் சர்க்கரை உண்டு, தண்ணீர் குறைவு, பழத்தில் தானாக இருக்கும் கெட்டிப்படுத்தும் பொருளான பெக்டின் தாராளம். பெக்டின் பனிப்படிகங்களைப் பெரிதாகவிடாமல் வழவழப்பைக் காக்கிறது. ஆனால் அரைத்தவுடன் சாப்பிட்டால்தான் அந்த அழகு. மறுநாள் ஃப்ரீசரிலிருந்து எடுங்கள், கத்திதான் வேண்டும்.

தோலில் கறும்புள்ளி விழுந்த பழமாக எடுங்கள். தோலை உரித்துவிட்டு உறையவையுங்கள். தோலோடு வைத்துவிட்டுப் பிறகு உரிக்க முயல்பவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கறுத்துப்போவதைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். அதுவும் நொதிதான், அதுவும் குளிரில் சாகாது. வெட்டியதும் எலுமிச்சைச் சாற்றில் புரட்டிவிடுங்கள். பீச், ஆப்பிளுக்கும் இதேதான்.

ஆகஸ்ட் 18

கொஞ்சம் வழி தவறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளவும். கடையில் வாங்கும் உறைந்த பெர்ரி தனித்தனியாக உருள்கிறது, வீட்டில் உறையவைத்தது ஏன் ஒரே கட்டியாகிறது, இளகினால் ஏன் இன்னும் மோசமாகத் தண்ணீர் விடுகிறது என்று கேள்வி.

வேகம்தான். மெதுவாக உறைந்தால் பனிப்படிகம் பெரிதாக வளரும், செல்லை நன்றாகக் கிழிக்கும். சட்டென்று உறைந்தால் பொடிப்பொடியான படிகம், சேதம் குறைவு. இதை வியாபாரமாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர். 1910-களில், இன்று கனடாவைச் சேர்ந்த லாப்ரடாரில் இருந்தபோது, அங்குள்ள இனுயிட் மக்கள் கடும் குளிரில் மீனை நொடியில் உறையவைப்பதையும், அது இளகிய பின்னும் புதுசுபோல இருப்பதையும் பார்த்தார். திரும்பி வந்து அதற்கு இயந்திரம் செய்தார். 1930-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் உறைந்த உணவுகள் கடைக்கு வந்தபோது அதில் பெர்ரியும் இருந்தது. இன்றைய ஆலைகளில் பழம் கடுங்குளிர்க் காற்றின் மேல் துள்ளியபடியே ஓடி, ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சில நிமிடங்களில் உறைந்துவிடும்.

வீட்டில் அந்தக் காற்று இல்லை. ஆனால் தட்டு இருக்கிறது. கழுவி, நன்றாக ஈரம் போகத் துடைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காகத் தட்டில் பரப்பி, ஃப்ரீசரின் மிகக் குளிர்ந்த மூலையில் வையுங்கள். கல்லானபின் கவரில் போட்டுக் காற்றை வெளியே அமுக்கி மூடுங்கள். காற்று இருந்தால் பனி நேரடியாக ஆவியாகிப் பழம் வற்றி வெளிறும், ருசியும் போகும்.

கடைப் பாக்கெட்டிலும் ஒன்று பார்த்து வாங்குங்கள். குலுக்கினால் பழம் உருளணும். ஒரே பாளமாக இருந்தால், உள்பக்கம் சிவப்புப் பனி அப்பியிருந்தால், அது வழியில் எங்கோ இளகி மறுபடி உறைந்தது. வாங்கிவிட்டீர்கள் என்றால் சாஸ் காய்ச்சுங்கள், கேக்குக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 19

இதைத் தனியாக எழுதுகிறேன், தவறவிட வேண்டாம். உறையவைத்தால் கிருமி சாகாது. பெர்ரி கையால் பறிக்கப்படுகிறது, பெரும்பாலும் வேகவைக்கப்படாமல் உறையவைக்கப்படுகிறது. ஹெபடைடிஸ் ஏ வைரஸ் ஃப்ரீசரில் சுகமாக இருக்கும். 2013-இல் ஐரோப்பாவிலும் 2015-இல் ஆஸ்திரேலியாவிலும் உறைந்த பெர்ரி வழியாக அது பரவியிருக்கிறது. கேக், டார்ட், சாஸ் எல்லாம் கொதிக்கும் சூட்டுக்குப் போகின்றன, கவலையில்லை. சுடாத சீஸ்கேக், மூஸ், சோர்பே இவைதான் யோசிக்க வேண்டியவை. பழத்தை ஒரு நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்துப் போட்டால் தீர்ந்தது. கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் செய்யும்போது நான் இதை விடுவதேயில்லை.

அப்படியானால் 13-ஆம் தேதி எழுதிய சோர்பே? பெர்ரியில் செய்வதானால் கொதிக்கவைத்த கூழைச் சர்க்கரையோடு ஆறவைத்து, ஐஸ் தட்டில் கட்டிகளாக உறையவைத்து, பிறகு அதே முறையில் அரைக்கலாம். ஒரு நாள் கூடுதல் ஆகும். ராஸ்பெரி என்றால் நடுவில் விதையையும் வடித்துவிடலாம், அது ஒரு லாபம்.

ஆகஸ்ட் 19, இரவு

மூஸுக்கும் கிரீமுக்கும் இந்தக் கொதி இன்னொரு வகையில் உதவும். பச்சைக் கூழை அடித்த கிரீமில் கலந்தால் அரை மணியில் அடியில் தண்ணீர் நிற்கும். மூன்றில் ஒரு பங்கு வற்றவைத்த கூழ் என்றால் நிறம் ஆழமாகவும் இருக்கும், கிரீமும் தாங்கும். முழுக்க ஆறியிருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 26

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, டார்ட் அடி மொறுமொறுப்பாக வந்தது என்கிறார். நிறம்தான் கொஞ்சம் பழுப்படித்ததாம். வற்றவைத்த தீ அதிகம் என்று நினைக்கிறேன். அகலப் பாத்திரமாக எடுத்தால் மிதமான தீயிலேயே சீக்கிரம் வற்றும். எலுமிச்சையைக் கடைசியில் சேர்த்தால் சிவப்பு மறுபடி எழுந்து வரும்.

முதல் நாள் க்ரம்பிளுக்கு உறைந்தபடியே என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அதில் ஒரு சேர்க்கை. ஆழமான பாத்திரம் என்றால், மேல் உதிரியைத் தூவாமல் பழத்தை மட்டும் சர்க்கரை, கார்ன்ஃப்ளோரோடு ஓவனில் 15 நிமிடம் வைத்து, சாறு விட ஆரம்பித்ததும் கிண்டிவிட்டு, பிறகு உதிரியைத் தூவுங்கள். இல்லாவிட்டால் மேலே வெந்துவிடும், நடுவில் பழம் அப்போதுதான் உருகிக்கொண்டிருக்கும், நீராவியில் உதிரியின் அடிப்பக்கம் களியாகும். தட்டையான பாத்திரத்துக்கு இது தேவையில்லை.

செப்டம்பர் 5

கடைசியாக வந்த இரண்டு கேள்விகள். உறைந்த பீச்சில் தோல் இருக்கிறது, எப்படி எடுப்பது? முழுப் பழமாக இருந்தால் குழாயில் வெந்நீர் பிடித்து அரை நிமிடம் காட்டுங்கள், தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வரும். துண்டாக இருந்தால் வேகவைத்த பிறகு முள்கரண்டியால் எடுங்கள்.

ஜாம் காய்ச்சலாமா? தாராளமாக. சர்க்கரையைப் பழம் கல்லாக இருக்கும்போதே கொட்டிவிடுங்கள், இளக இளக அது சாற்றில் கரைந்துகொண்டே போகும், அடுப்பில் ஏற்றும்போது அடிபிடிக்காது. உறைந்த பழத்தில் பெக்டின் சற்றே குறைந்திருக்கும், அதனால் எலுமிச்சையைத் தாராளமாக விட்டு, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பாருங்கள். விரலால் தள்ளினால் சுருக்கம் விழ வேண்டும். விழாவிட்டால் இன்னும் இரண்டு நிமிடம் காய்ச்சிவிட்டு வேறொரு தட்டு எடுங்கள், முதல் தட்டு இதற்குள் சூடாகியிருக்கும்.